ஒற்றைக் கண் துடைப்பு

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் ஊருக்கு ஒருவன் இருப்பான். கேசோன் கடற்கரையில் எங்கள் ஊருக்கு வாய்த்தவன் அனக்ளேட்டோ. க்ளேட்டோ என்றால்தான் யாருக்கும் தெரியும். மீன் இறங்கும் துறையில் ஐஸ் உடைத்து விற்பது அவன் தொழில். ஊரில் உள்ள ஒவ்வொருவரையும் போல நடந்து, பேசி, தும்மிக் காட்டுவது தொழில் இல்லை, வியாதி. பாதிரியார் மாதிரி இருமிக் காட்டி, பாதிரியார் கையாலேயே அறை வாங்கியிருக்கிறான். ஃபெலிசாவின் அப்பா மூக்கைச் சுளிப்பதை அவளுக்கே நடித்துக் காட்டித்தான் அவளைச் சிரிக்க வைத்தான், கட்டியும் கொண்டான். அந்தப் புண்ணியவதி போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. அவள் இருந்திருந்தால் ஒரு அதட்டு அதட்டியிருப்பாள், இவ்வளவு தூரம் வந்திருக்காது.

மணிலாவிலிருந்து ஒரு சினிமாக் கூட்டம் வந்து இறங்கியது. தேர்தல் பிரச்சாரத்தைக் கிண்டலடிக்கிற படம். வேட்பாளராக நடிக்க வந்த பெரிய நடிகர் எங்கள் வெயிலைத் தாங்காமல் படுத்துவிட்டார். அவருக்கு ஐஸ் கொண்டுபோன க்ளேட்டோ, சும்மா கொடுத்துவிட்டு வராமல், ஓட்டுக் கேட்பவர்கள் மேடையில் ஆடும் ஆட்டத்தை ஒரு சுற்று ஆடிக் காட்டியிருக்கிறான். டைரக்டர் மயூமி சின்னப் பெண். கேட்கவா வேண்டும்? அன்றைக்கே அவனுக்குக் கோட்டு மாட்டிவிட்டாள்.

சாவு வீட்டுக் காட்சி எடுக்கும் நாளில், சவப்பெட்டியும் கேமராவும் தயாராக இருக்கக் கேட்டாள்: "அண்ணே, வேட்பாளர் சாவு வீட்டுக்கு வந்தா என்ன பண்ணுவாரு?"

"இது தெரியாதா தங்கச்சி? பாத்துக்க."

கண்ணாடியைக் கழற்றினான். கூரையைப் பார்த்து ஒரு பெருமூச்சு. முதுகுப் பக்கம் சட்டைக்குள் கையை விட்டு வியர்வைத் துண்டை உருவி, இடது கண்ணை மட்டும் ஒற்றினான். சவப்பெட்டி மேல் கையை வைத்து, "என் கூடப்பொறந்தவனே, போயிட்டியே!" என்று கதறிவிட்டு, பக்கத்திலிருந்தவனிடம் குனிந்தான்.

"செத்தவன் பேரு என்னய்யா?"

"டோலோரெஸ். பொம்பளைங்க."

"இவங்களுக்கு ஓட்டு எங்க?"

"பக்கத்து ஊர்லங்க."

அவ்வளவுதான். துண்டு திரும்ப முதுகுக்குள் போய்விட்டது. மயூமி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் க்ளேட்டோவுக்குச் சுருக்கென்றது. அது யாருடைய அழுகை?

மோகிங்குடையது. எங்கள் ஊர்த்தலைவர், கபித்தான் மோகிங். ஒரு சாவு வீட்டையும் விடமாட்டார். அதே பெருமூச்சு, அதே துண்டு, அதே இடது கண். க்ளேட்டோவின் மகனுக்கு ஞானத்தகப்பனும் அவர்தான். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் 'பரே' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். காலையில் அவருடைய முதல் காப்பியே க்ளேட்டோவின் ஐஸ்பெட்டி மேல் உட்கார்ந்துதான். ஃபெலிசா போனபிறகு க்ளேட்டோவுக்கு மனசு விட்டுப் பேச அந்தக் காப்பி நேரம்தான் மிச்சம்.

படம் தயாரானதும் எங்கள் ஊர்க் கூடைப்பந்து மைதானத்தில் வெள்ளைத்துணி கட்டிக் காட்டினார்கள். மோகிங் முன் வரிசை. வேட்பாளர் மத்தி மீன் டப்பாவில் தன் முகத்தை ஒட்டி விநியோகிப்பதைப் பார்த்துத் தொடையைத் தட்டிச் சிரித்தார். சாவு வீடு வந்தது. துண்டு வெளியே வந்ததுதான் தாமதம், மைதானமே 'கொல்'லென்று சிரித்துவிட்டு முன் வரிசையைத் திரும்பிப் பார்த்தது. மோகிங்கின் சிரிப்பு பாதியில் நின்றது. படம் முடிந்ததும் கை தட்டிவிட்டு, க்ளேட்டோ பக்கம் திரும்பாமல் போய்விட்டார். மறுநாள் காப்பிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. க்ளேட்டோ ஊற்றி வைத்த காப்பி ஆறி, ஈ விழுந்தது.

அந்த வாரம் படகுக்காரர் டெம்யோங் இறந்துபோனார். மத்தியானம் கூடம் நிறைய ஆள். மோகிங் உள்ளே வந்தார். பேச்சு நின்றது. எல்லோர் கண்ணும் அவர் முதுகுத் துண்டின் மேல். மூலையில் எவனோ 'களுக்'கென்றான். மோகிங்கின் கை பின்கழுத்துவரை போய் அப்படியே இறங்கியது. பிறகு விடுவிடென்று கொல்லைப்பக்கம் போய்விட்டார். அட பாவி, ஒரு மனுஷனுடைய அழுகையையே பிடுங்கிக்கொண்டோமே என்று க்ளேட்டோ தன்னையே திட்டிக்கொண்டான். பின்னாலேயே போனான்.

"பரே."

"உன் பரே செத்துட்டான். போய் ஐஸ் வை."

"தப்புதான் பரே. என் நாக்கை இழுத்து வச்சு அறுத்துடு."

"ஊர் சிரிச்சா சிரிச்சிட்டுப் போகுது. என் அழுகையில பாதி ஓட்டுக்குத்தான், இல்லேங்கல. கண்துடைப்புதான். ஆனா டெம்யோங்குக்கு நெஜமாவே அழ வந்தேன்டா. ஒரே படகுல கிடந்தவங்க நாங்க. அங்க எல்லாரும் நான் எந்தக் கண்ணைத் துடைப்பேன்னு பாத்துக்கிட்டு நிக்கிறானுங்க." மோகிங் மூச்சு வாங்கினார். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஃபெலிசாவுக்கு நான் அழுததும் உனக்கு இப்படித்தான் தெரிஞ்சுதா?"



"அன்னிக்கு நீ கூடத்துக்கே வரலியே பரே," என்றான் க்ளேட்டோ. "என் அடுப்படியில குந்திக்கிட்டு, வந்தவங்க குடிச்ச காப்பித் தம்ளரைக் கழுவிக்கிட்டிருந்தே. மூக்கு ஒழுகுது, அதைத் துடைக்கக்கூட இல்ல. கழுவின தம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவினே. நான் நிலைப்படியில நின்னு பாத்தேன்."

"அதை மட்டும் ஏன் விட்டுட்டே? அதையும் நடிச்சிருக்கலாமே?"

"வீட்டுல தனியா நடிச்சுப் பாத்தேன் பரே. வரல. நெஜமாவே அழுதுட்டேன்."

மோகிங் அவனை உற்றுப் பார்த்தார். "போடா, கழுதை," என்றார். முதுகுத் துண்டை உருவி அவன் கையில் திணித்துவிட்டுக் கூடத்துக்கு நடந்தார்.

பெட்டியருகே போய், "டெம்யோங்... அடேய்," என்றார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. குரல் உடைந்து, தோள் குலுங்கி, கண்ணும் மூக்குமாக வழிய அழுதார். கூடம் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் வந்து உட்கார்ந்த க்ளேட்டோ மட்டும் துண்டை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். நிமிர்ந்து பார்த்தால் இந்த அழுகையும் நடிக்கப் பழகிவிடுமோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது.