முதல் வரிசை கதிரேசன் அண்ணனுக்கு ஒரு லோக்கல் பாட்டு

கதிரேசன் அண்ணன் போய்விட்டார். நேற்றுக் காலை, செலாயாங்கில் அவருடைய லோரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில்... நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம்.

நம் கச்சேரி ரசிகர் குரூப் முழுக்க அழுகை எமோஜி. "லெஜண்ட்", "இனிமே யாரு ரிவியூ எழுதுவா" என்று ஆளாளுக்குப் போடுகிறீர்கள். ஒரு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு... நான் கிள்ளான் மாலதி. சென்னையிலிருந்து வரும் பெரிய பாடகர் மேடை ஏறுவதற்கு முன்னால், கூட்டம் சீட் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில், இரண்டு பாட்டுப் பாடும் லோக்கல் ஆர்ட்டிஸ்ட். பாடிக்கொண்டிருந்தவள் என்று சொல்ல வேண்டும்.

அண்ணனுடைய ரிவியூவைப் படித்துவிட்டுத்தான் பாதிப் பேர் அடுத்த ஷோவுக்கு டிக்கெட்டே எடுப்பீர்கள். எந்த கேட்டில் நுழைவது, எந்த பிளாக்கில் சவுண்ட் இரைச்சலாகக் கேட்கும், எந்த மண்டபத்தில் ஏர்கான் போட்டு ஆளை விறைக்க வைப்பார்கள்... அவர் எழுதினால் உங்களுக்கு வேதவாக்கு.

அப்படி ஒரு ரிவியூவில்தான் எழுதினார். "ஓப்பனிங்ல லோக்கல் பாட்டு ரெண்டு இருக்கு. டாய்லெட் போறவங்க அப்பவே போயிட்டு வந்துருங்க, கியூ இருக்காது."

பார்க்கிங் எங்கே, சாப்பிட நாசி லெமாக் எங்கே கிடைக்கும் என்பதற்கு நடுவில் அந்த வரி. என் பெயரைக்கூடப் போடவில்லை. யார் யார் அதற்கு ஹாஹா போட்டீர்கள் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அடுத்த ஷோ புக்கிட் ஜாலில் ஸ்டேடியத்தில். நான் பல்லவியை எடுத்ததும் இருட்டில் போன் லைட்டுகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. நமக்கும் லைட் அடிக்கிறார்களே என்று கையைத் தூக்கி ஆட்டினேன்.

படியில் கால் தவறாமல் இருக்க அடித்த லைட் அது. எல்லாம் எக்சிட் பக்கம் நகர்ந்து போயின.

அதன் பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. தொகுப்பாளர் "நம்ம மண்ணின் குரல்" என்று சொல்லி வாயை மூடுவதற்குள், பந்திக்குக் கூப்பிட்ட மாதிரி வரிசை வரிசையாக எழுந்துவிடுவீர்கள்.

ஒரு மத்தியானம் பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் அண்ணனைப் பிடித்தேன். கையில் ரசம் வாங்கி உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரே ஒரு பாட்டு. கடைசி வரைக்கும் இருந்து கேளுங்க. அப்புறம் என்ன வேணும்னாலும் எழுதுங்க."

"என்னாம்மா, கோவிச்சுக்கிட்டியா? சும்மா ஜோக்கு லா அது. உன் குரல் ஓகேதான். ஆனா ஜனங்க டிக்கெட் எடுக்கறது உனக்கா, சொல்லு?"

"இல்லண்ணே. ஆனா நீங்க எந்திரிச்சா எல்லாரும் எந்திரிக்கிறாங்க."

அது அவருக்குப் பிடித்துவிட்டது. சிரித்தார். "சரி சரி, அடுத்த ஷோல கடைசி வரைக்கும் கேக்குறேன். போதுமா?"

அடுத்த ஷோவில் முதல் வரிசை, நட்ட நடுவில் இருந்தார். நான் மைக்கை எடுத்ததும் என்னைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினார்... காட்டிக்கொண்டே எழுந்தார். பின்னாலேயே அந்த பிளாக் மொத்தமும் எழுந்தது. என் இரண்டாவது பாட்டு முடியும்போது வெளியே கொறிக்க வாங்கிய கறிபாப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார்.

அன்றைக்கே மேடைக்குப் பின்னால் ஏற்பாட்டாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "சாரி லா மாலு. முன்னுக்கு சீட்டு காலியா இருந்தா வீடியோல அசிங்கமா இருக்கு. இனிமே ஓப்பனிங்குக்கு டிஜே போட்டுக்குறோம்."

எனக்கு இருந்த ஒரே பெரிய மேடை அது. போயே போய்விட்டது. இப்போது கல்யாண விருந்துகளில் பாடுகிறேன்... அங்கே சாப்பாடு இருக்கிறது, அதனால் யாரும் எழுந்து போவதில்லை.

இன்று காலை அண்ணனின் மகள் போன் செய்தாள். "அக்கா, அப்பாவுக்குப் பாட்டுன்னா உயிரு. எடுக்கறதுக்கு முன்னாடி யாராச்சும் அவருக்குப் புடிச்ச பாட்ட பாடணும்னு அம்மா சொல்றாங்க. சென்னை சிங்கரோட மேனேஜருக்கு மெசேஜ் போட்டோம், பதிலே இல்ல. நீங்க லோக்கல்தானே... கூப்பிட்டா ஒடனே வந்துருவீங்கன்னு..."

போனேன்.

வர முடியாதவர்களுக்காக அண்ணன் பாணியிலேயே எழுதிவிடுகிறேன். பார்க்கிங் மோசம், பாசார் சந்தைப் பக்கமே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். கூடாரத்துக்குள் ஒரே புழுக்கம். ஸ்பீக்கர் யாரோ இரவல் கொடுத்தது, கொஞ்சம் கரகரப்பு. கூட்டம் ஃபுல். வந்த குரூப் ஆட்கள் எல்லாரும் அந்தப் பெரிய பாடகர் படம் போட்ட கறுப்பு டி-ஷர்ட்டில் இருந்தீர்கள். அவருடைய வாட்ஸ்அப் பதில் மட்டும் கடைசி வரை வரவில்லை.

நான் பாட ஆரம்பித்தேன். பழக்க தோஷம் பாருங்கள்... பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம். பாதிப் பேர் காப்பி கலக்கும் மேசைப் பக்கம் ஒதுங்கிவிட்டீர்கள். ஒருவர் என் காதுபடவே "டாய்லெட் எங்க, பாஸ்?" என்று கேட்டார். அந்தப் பிரகஸ்பதியும் இதைப் படித்துக்கொண்டுதான் இருப்பார்.

கதிரேசன் அண்ணன் மட்டும் அசையவில்லை. முதல் வரிசை. நட்ட நடு. பல்லவி, சரணம், மறுபடியும் பல்லவி... முழுசாக.

பாட்டு முடிந்ததும், நேரமாகிறது என்று சடங்கு செய்பவர் கையைக் காட்டினார். பார்க்காத மாதிரி இரண்டாவது பாட்டையும் எடுத்தேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டீர்கள் அண்ணே. போய் வாருங்கள்.