சித்தி தூக்கிய கை

எங்கள் வீட்டில் சாப்பாட்டின் நடுவே கையைத் தூக்குகிற பழக்கம் சித்திக்கு மட்டும்தான் உண்டு. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் வேலை பார்த்தாள். சாமான்கள் நகர்ந்து வரும் அந்த லைன் ஓடிக்கொண்டே இருக்குமாம். பாத்ரூம் போக வேண்டுமென்றால், சூப்பர்வைசர் பார்த்துத் தலையாட்டும்வரை கையைத் தூக்கியபடியே நிற்க வேண்டும். அந்தக் கை கம்பெனி பஸ் ஏறி வாலாஜாபாத்தில் எங்கள் வீடுவரை கூடவே வந்துவிட்டது. மூன்றாம் வகுப்புப் படித்த எனக்கு அதில் பெருமை. பள்ளிக்கூடத்தில் நானும் அப்படித்தானே கேட்கிறேன்.

கல்யாணம் ஆனால் கம்பெனியிலிருந்து நின்றுவிடலாம் என்று எனக்குத் தலைவாரும்போதெல்லாம் சித்தி சொல்வாள். குன்றத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வேறொரு கம்பெனியில் சூப்பர்வைசர். சித்திக்கு அவரைப் பிடித்திருந்தது. கடைக்கண்ணால் பார்த்துச் சிரித்ததை நானே கண்டேன். கேசரி, பஜ்ஜி எல்லாம் முடிந்து, பெரியவர்கள் நகைப் பேச்சை இழுத்துக்கொண்டிருந்தபோது, பாயில் உட்கார்ந்திருந்த சித்தியின் கை மெல்ல மேலே போனது.

மாப்பிள்ளை செல்போனைப் பார்த்தபடியே, "சரி, போ. அஞ்சு நிமிசத்துல வந்துடணும்" என்றார்.

சித்தி எழுந்து போனாள். சொன்ன நேரத்துக்குள் வந்தும்விட்டாள். சபையே சிரித்தது. ஜாடிக்கேற்ற மூடி என்றார் அப்பா.

அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும், "எனக்கு இந்த இடம் வேணாங்க்கா" என்றாள் சித்தி.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அவரு இன்னா தப்பா சொல்லிட்டாரு? போன்னுதானே சொன்னாரு?"

"அதாங்க்கா. அவரு சொன்னதும் காலு தானா எழுந்துகிச்சு. வூட்லயும் அப்படியே கெடக்கச் சொல்றியா?"

எனக்கும் குழப்பம்தான். எங்கள் டீச்சர் எத்தனை தடவை கேட்டாலும் உட்காரு என்பார். கேட்டவுடனே போகச் சொன்ன மனிதரைப் போய் யாராவது வேண்டாம் என்பார்களா?

சாயங்காலம் மிஞ்சிய கேசரியைத் தின்றுகொண்டிருந்தோம். சித்தியின் கை மறுபடி எழுந்தது. பாதியிலேயே அதைப் பார்த்துவிட்டாள். மடியில் இறக்கி, இன்னொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் எழுந்து போகவும் இல்லை. அம்மா கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. யாராவது சொன்னால்தானே போவாள் என்று, "நீ போ சித்தி" என்றேன்.

சித்தி முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். போகச் சொன்ன பிறகும் எதற்கு அழுகிறாள் என்று விளங்கவில்லை. ஐந்து நிமிடம் போதாது போலிருக்கிறது என்று நினைத்து, பெரிய மனது பண்ணி இன்னொன்றும் சொன்னேன்.

"பத்து நிமிசம்கூட எடுத்துக்கோ சித்தி."