நீதிபதிக்குப் பக்கத்துக் கதிரை

பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை ஒஸ்லோ நீதிமன்றத்தைப் பார்க்கக் கூட்டிப்போயிருந்தார்கள். சுற்றிக் காட்டிய பெண், இங்கே வழக்கை யாரும் வந்து பார்க்கலாம் என்று சொன்ன அந்த நொடியில்தான் எனக்கு யோசனை வந்தது: அப்பாவை வந்து பார்த்தால் என்ன?

அப்போது எனக்குப் பதினொரு வயது. அப்பா ட்ராம் ஓட்டுநர். நோர்வேயில் சட்டம் படிக்காத சாதாரண ஆட்களையும் தெரிந்தெடுத்து நீதிபதியின் இருபுறமும் உட்காரவைப்பார்கள். அவர்களுடைய வாக்குக்கும் நீதிபதியின் வாக்குக்கும் ஒரே மதிப்பு. அந்த வருடம் அப்பாவுக்கும் கடிதம் வந்திருந்தது. "என் அப்பா நீதிபதி" என்று வகுப்பு முழுவதும் சொல்லிவிட்டேன். ட்ராமைப் பற்றி மூச்சு விடவில்லை.

அப்பாவோ, முடியாது என்று எழுதலாமா என்று அம்மாவிடம் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் வரட்டுமா என்றதற்கு, "கோர்ட்டு என்ன, விளையாட்டுப் பாக்கிற இடமே? நீ அங்கை வரப்படாது" என்றார்.

ஆகவே மாமாவைப் பிடித்தேன். அம்மாவின் தம்பி, எனக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர். குளிர்கால விடுமுறையில் வீட்டுக்குப் பக்கத்து ஹவுகெட்டோ நிலையத்தில் ரயிலேறிப் போய், நீதிமன்றத்தில் பின்வரிசையில் அமர்ந்தோம். சின்னப்பிள்ளை இருக்கலாமா என்று காவலர் நீதிபதியைக் கேட்டுவந்து தலையாட்டினார்.

"கூண்டு எங்கையடி?" என்று மாமா காதுக்குள் கேட்டார்.

"இஞ்சை கூண்டு இல்லை மாமா. லோயருக்குப் பக்கத்திலை கதிரைதான்."

"அப்ப கள்ளன் ஆர், லோயர் ஆர் எண்டு எப்பிடித் தெரியும்?"

"கறுப்பு அங்கி போட்டவர் லோயர்."

"உன்ரை கொப்பருக்கும் அங்கி இல்லையே. அவர் எந்தப் பக்கம்?"

கலியாணங்களுக்கு மட்டும் போடும் நீலக் கோட்டில் அப்பா வந்து நீதிபதிக்குப் பக்கத்தில் அமர்ந்தார். எங்களைக் கண்டதும் பார்வையை மேசைக்குத் தாழ்த்திக்கொண்டார்.

சைக்கிள் திருட்டு வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவனுக்கு இருபது வயதுதான் இருக்கும். குற்றப்பத்திரம் வாசித்து முடியும்வரை எழுந்து நிற்கும்படி நீதிபதி அவனிடம் சொன்னார். அவன் எழுந்தான்.

அப்பாவும் எழுந்தார்.

கைகளை முன்னால் கோத்து, தலை குனிந்து, அவனைப் போலவே நின்றார். நீதிபதி அவருடைய கையை மெல்லத் தொட்டு ஏதோ சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். எனக்குக் காது சுட்டது.

"ஏன் எழும்பினீங்கள்? நீங்கள் நீதிபதியெல்லோ!" என்று அன்று பின்னேரம் வீட்டில் கத்தினேன்.

"பழக்கம்" என்றார்.

ட்ராமை உட்கார்ந்துதானே ஓட்டுகிறார், இதென்ன பழக்கம் என்று எனக்கு இன்னும் கோபம். இப்படி ஒன்று கிடைத்தால் ஒரு மாதம் வைத்துப் பகிடி பண்ணும் மாமா, அன்று வாயே திறக்கவில்லை. அதையும் நான் கவனிக்கவில்லை.

போன மாதம்தான் மாமா எனக்குச் சொன்னார். பத்தொன்பது வயதில் அப்பாவைக் கொழும்பில் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தினார்களாம். சிங்களத்தில் ஒரு பத்திரத்தை நீளமாக வாசித்தார்களாம். முடியும்வரை நின்று கேட்டிருக்கிறார். சில வாரங்களில் விட்டுவிட்டார்கள். தன்மேல் என்ன குற்றம் சொன்னார்கள் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

நான் இப்போது சட்டம் படிக்கிறேன். அந்தப் பத்திரத்தின் பிரதியைக் கேட்டுக் கொழும்புக்குக் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டேன். பழைய கோப்பு, கிடைக்காமலும் போகலாம். கிடைத்தால், சிங்களம் தெரிந்த ஒருவரைப் பிடித்து வரிக்கு வரி கேட்டெழுதி, தமிழில் நானே வாசித்துக் காட்டுவேன். அப்பா உட்கார்ந்தபடியே கேட்கட்டும்.