ஹாலில் உட்காராதவர்

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் பார்வை சோபாவைத் தாண்டி உள்ளே போய்விடும். "உக்காருங்க" என்றால், "இருக்கட்டும், ஆளு எங்க படுத்திருக்காரோ அங்கயே போயிடுறேன்" என்பார். தோளில் ஒரு நீலப் பை. அதில் அழுத்திப் பழக ஒரு ரப்பர் பந்து, இழுத்து நீட்ட ஒரு பட்டை, ஒரு ஜோடி காலுறை. கை கால் விளங்காமல் படுத்தவர்களுக்கு வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுப்பது அவர் தொழில். ஐம்பதைத் தொடப் போகிற வயது. எங்கள் வீட்டில் அவர் பிசியோ அக்கா.

ஹாலைப் பற்றி அவருக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. "அங்க எல்லாரும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவாங்க. எங்க வலிக்குதுன்னு உள்ரூமுக்குப் போனாத்தான் தெரியும்."

ஒரு நாளைக்கு ஐந்து வீடு. எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை, எந்த வீட்டு மருமகள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு வீட்டுப் பேச்சை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். என் அம்மா எவ்வளவோ கிண்டிப் பார்த்தாள். "எல்லா வீடும் ஒண்ணுதாம்மா" என்று சிரித்துவிட்டார்.

அப்பாவுக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டபோது வந்தவர், ஏழு மாதம் வந்தார். இரண்டாவது மாதத்திலேயே டிவியும் கட்டிலும் மடிக்காத துணிகளுமாகக் கிடக்கும் எங்கள் உள்ரூமில், தரையில் சம்மணம் போட்டு, அப்பா கையை மடக்கி நீட்டுவதை எண்ண ஆரம்பித்துவிட்டார். "அப்பா, ஏமாத்தாதீங்க. இது எட்டுதான்."

"உன் கணக்குல எட்டுக்கு அப்புறமும் எட்டுதான் வரும்" என்பார் அப்பா, குழறலாக.

நானும் அம்மாவும் அக்கா எதிரிலேயே சண்டை போடுவோம். "நீயே சொல்லும்மா, இவன் பேசறது நியாயமா?" என்று அம்மா அவரைத்தான் கேட்பாள்.

ஒரு முறை அவர் மறந்துவிட்டுப்போன பட்டையைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு நாற்காலி. "கதவைத் திறந்தா வீடு பூரா பாத்த மாதிரிதான்" என்றார். நாற்காலியில் இஸ்திரி போட்ட துணி இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தது. அதில் யாரும் உட்கார்ந்து வெகு காலமாகியிருக்க வேண்டும்.

அப்பா தடியூன்றித் தெருமுனை வரை நடந்த அன்று அக்கா கைதட்டினார். பிறகு, "இனிமே நான் வேணாம்" என்றார். "என் பொழப்பே இப்படித்தான் தம்பி. வேலை ஒழுங்கா முடிஞ்சா அந்த வீட்டுக்குப் போறதுக்குச் சாக்கு இல்லாமப் போயிடும்."

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. "இந்தப் பக்கம் ஒரு வீட்டுக்கு வந்தேன். அப்பாவைப் பாத்துட்டுப் போலாம்னு..." என்று நின்றார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கையைப் பிடித்து இழுத்துவந்து சோபாவில் உட்கார வைத்தாள். ஃபேனைப் போட்டாள். விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்திருக்கும் பூப்போட்ட கோப்பையில், சாசரோடு டீ வந்தது. அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். "சௌக்கியமா?" என்றார். "சௌக்கியம்ப்பா" என்றார் அவர். உள்ளே டிவியில் யாரோ சிரித்தார்கள்.

"அக்கா, உள்ள வாங்களேன்" என்றேன்.

முகம் மலர்ந்து பாதி எழுந்துவிட்டார். அதற்குள் அம்மா, "ஐயோ, உள்ள ஒரே குப்பையா கெடக்கு! ரெண்டு நிமிஷம் இரும்மா, ஒதுக்கிடுறேன்" என்று ஓடினாள். கட்டிலை இழுக்கும் சத்தம் கேட்டது. பீரோ கதவை அழுத்திச் சாத்தும் சத்தம் கேட்டது. டிவி நின்றது.

அக்கா மெல்ல உட்கார்ந்தார். "வேணாம்மா, எனக்கு நேரமாச்சு" என்று உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

எழுந்தவர் உடனே வாசல் பக்கம் திரும்பவில்லை. குனிந்து, தான் உட்கார்ந்த இடத்தில் சோபா உறையில் விழுந்திருந்த சுருக்கத்தை இரண்டு உள்ளங்கையாலும் நீவி, யாருமே உட்காராத மாதிரி ஆக்கிவிட்டுத்தான் பையை எடுத்தார்.