வெங்காயத் தோலும் மாப்பிள்ளையின் கன்னமும்

என் தங்கை கணவரின் கன்னத்துக்குள் ஆறாமல் இருந்த புண்ணைப் பார்த்துவிட்டு, மதுரை ஆஸ்பத்திரிக்கு இப்போது போக வேண்டாம் என்று சொன்னவன் நான். வேதியியல் வாத்தியாரான நான் சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மாப்பிள்ளைக்குத் திருச்சுழியில் வெங்காயக் கடை. தூங்கும்போது மட்டும்தான் அவர் வாயில் வெற்றிலையும் புகையிலையும் இருக்காது. காய், கீரை, பழங்களில் உள்ள ஃபிளேவனாய்டு என்ற பொருள்கள் புற்றுநோயைத் தடுக்கக்கூடும், வெங்காயத் தோலில் அவை அதிகம் என்று ஓர் அறிவியல் இதழில் படித்திருந்தேன். கடை மூட்டைமேல் உட்கார்ந்து அரைமணி நேரம் பாடம் நடத்தினேன்.

"அப்ப நாங்க கூட்டித் தள்ளுறது பூராம் மருந்தா மச்சான்?"

"மருந்தேதான்."

"இந்தப் புண்ணு ஒரு மாசமா ஆற மாட்டேங்குது. ஒங்க தங்கச்சி மதுரைக்குப் போங்கன்னு அரிக்கிறா."

"ரெண்டு மாசம் தோலைக் காய்ச்சிக் குடிங்க. அப்புறம் பாத்துக்கிடலாம்."

"நெசமாவாண்ணே?" என்றாள் தங்கை. அச்சில் வந்திருக்கிறது என்றேன்.

இரண்டு மாதம் கழித்துப் போனேன். மாப்பிள்ளை வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, வெங்காயத் தோலை நொறுக்கிப் போட்டு, அதன்மேல் புகையிலையையும் வைத்து மடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்பிள்ளை இது?"

"எலைதழையில எல்லாம் அது இருக்குன்னு நீங்கதான சொன்னீக. வெத்தலையும் எலை, பொகையிலையும் எலை. தோலோட சேத்து மூணு மருந்து உள்ள போகுது."

"அண்ணன் சொன்னாகன்னு இப்ப முன்னையவிட ரெண்டு மடங்கு போடுறாக," என்றாள் தங்கை.

வாயைத் திறக்கச் சொன்னேன். புண் பெரிதாகி, ஓரம் தடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து கட்டுரையை மறுபடி படித்தேன். சோதனை நடந்தது கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில். மனிதர்களுக்குப் பலன் தருமா என்று இன்னும் தெரியாது. சிகிச்சையை விட்டுவிடக் கூடாது. எல்லாம் கடைசிப் பத்தியில் தெளிவாக இருந்தது. முதல் தடவை அதுவரை நான் படிக்கவில்லை. கடைக்குப் போய்ப் பேச அவ்வளவு அவசரம்.

மறுநாள் காலையில் சரக்கு எடுக்க வந்தவர்கள் முன்னால் சொன்னேன்: "நான் அரைகுறையாப் படிச்சிட்டு வந்து பேசிட்டேன். தப்பு என்னோடது. கெளம்புங்க மாப்பிள்ளை." அருப்புக்கோட்டையில் பஸ் மாறி மதுரைக்குப் போனோம். புற்றுநோய்தான், முன்பே வந்திருந்தால் கொஞ்சம் வெட்டினால் போதுமாயிருந்திருக்கும் என்றார் டாக்டர்.

மாப்பிள்ளை பிழைத்தார். வலது கன்னம் ஒட்டிப்போனது. வாய் இரண்டு விரல் அகலத்துக்குமேல் திறக்காது. புகையிலையை விட்டுவிட்டார். தங்கை ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. சாப்பாடு போடுவாள், என் குழம்பில் மட்டும் வெங்காயம் இருக்காது.

பரிகாரமாக, சனிக்கிழமைதோறும் கடையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் உண்மையைச் சொன்னேன். ஆனால் மாப்பிள்ளை, "வெட்டுனது டாக்டரு, காப்பாத்துனது தோலு. மச்சானுக்கு அடக்கம் ஜாஸ்தி," என்று தோலை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். தோல் கேட்பவர் முதலில் வாயைத் திறந்து காட்ட வேண்டும். புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் தோல் கிடையாது, மதுரை பஸ்தான். அதற்காக ஒரு டார்ச் வாங்கிக் கொடுத்தேன்.

"வெங்காயம் வாங்க வந்தா பல்லை எண்ணுறாரு," என்று சிலர் முனகினார்கள். மாப்பிள்ளை விடவில்லை. ஒரு லாரி டிரைவரின் வாயில் திட்டைக் கண்டு, அவரைத் திட்டித் தீர்த்து, தானே மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

அந்த டிரைவர் சில மாதங்களில் திரும்பி வந்தார். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டதால் சின்ன வெட்டோடு போயிற்றாம். கடை நடுவில் நின்று வாயை முழுதாகத் திறந்து காட்டினார். நான்கு விரல் தாராளமாகப் போகும். மாப்பிள்ளை டார்ச்சை அணைக்காமல் வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போதும்லே, மூடு. ஈ போயிரப் போகுது," என்றார் மாப்பிள்ளை.