‘எஸ்கூல்’ என்று சொன்ன ஈரான் குழந்தை

போன வருஷம் மழைக்காலம் தொடங்கிய நேரம். மேடவாக்கத்தில் நான் நடத்தும் பேச்சுப் பயிற்சி மையத்துக்கு ஓர் ஈரானியப் பெண், நாலு வயது மகளோடு வந்தார். கணவருக்கு ஓ.எம்.ஆரில் வேலை. மகளுக்குப் பேச்சில் கோளாறாம். டெஸ்ட் எடுத்துக் காட்டினால்தான் எல்.கே.ஜி.யில் தொடரலாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம். தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

வகுப்பு டீச்சருக்குப் போன் போட்டேன். “மேடம், ஸ்கூலை ‘எஸ்கூல்’னு சொல்றா. பழம்னா பலம்ங்கறா. பசங்க சிரிக்கறாங்க. இப்ப வாயே திறக்கறதில்ல மேடம்.”

எனக்கே சிரிப்பு வந்தது. நம்ம ஊரில் பாதிப் பேருக்கு அது ‘இஸ்கூல்’தான், ‘பலம்’ சாப்பிடுகிறவர்களும் ஏராளம். பாரசீக மொழி பேசுகிறவர்கள் ‘ஸ்கூ’ என்று ஆரம்பிக்க மாட்டார்கள், அவர்களுக்கு ழகரமும் கிடையாது. இது கோளாறே இல்லை. ஆனால் வாய் திறப்பதில்லை என்றது உறுத்தியது.

“வீட்ல எப்படிப் பேசறா?” என்று அம்மாவிடம் கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தாய்மொழிதான் குழந்தையைக் குழப்புகிறது என்று யாரோ சொன்னார்களாம். அன்றிலிருந்து வீட்டில் வெறும் ஆங்கிலம். “எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் கொஞ்சம்தான். அதனால நாங்க ரெண்டு பேரும் இப்ப அதிகம் பேசிக்கறதில்லை.”

எனக்குப் பாரசீகம் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் இந்தக் குழந்தையை அவள் மொழியில்தான் சோதிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காது நன்றாகக் கேட்கிறதா என்று முதலில் பார்த்தாயிற்று. பிறகு பட அட்டைகளைப் பரப்பினேன். அம்மா சொல்ல, மகள் சொல்ல, நான் பதிவு செய்தேன். மீனுக்கு ‘மாஹி’. சுத்தமாக வந்தது. சாவிக்கு அம்மா ‘கெலீத்’ என்றார். மகள் ‘தெலீத்’ என்றாள். பூனை ‘கோர்பே’, அவளுக்கு ‘தோர்பே’.

“மழலைதானே?” என்றார் அம்மா. உடனே ஈரானில் இருக்கும் தங்கைக்கு வீடியோ கால் போடச் சொன்னேன். சாவி அட்டையைக் காட்டியதும், அங்கே அதே வயதுக் குழந்தை ஒன்று, திரையை முட்டிக்கொண்டு, கணீரென்று ‘கெலீத்’ என்றது. இவர் முகம் வாடிவிட்டது.

“பயப்படாதீங்க. ‘க’ வர வேண்டிய இடத்துல ‘த’ வருது, அவ்வளவுதான். பயிற்சியில சரியாயிடும். ஸ்கூல்ல சொன்னது எதுவும் கோளாறு இல்ல. நீங்க இன்னைக்கே உங்க பாஷையில பேச ஆரம்பிங்க.”

நம்ப முடியாமல் என்னைப் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி மெதுவாக ஏதோ சொன்னார். அவ்வளவுதான், குழந்தை மடியில் தாவி ஏறி, கைகளை ஆட்டி ஆட்டி, மூச்சு விடாமல் பேச ஆரம்பித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

பள்ளிக்கு நானே போய்ப் பேசினேன். அவள் இடம் பறிபோகவில்லை. பொங்கலுக்குள் ‘க’வும் வந்துவிட்டது.

இப்போதெல்லாம் எந்தக் குழந்தை வந்தாலும், “வீட்ல எந்த பாஷையில கொஞ்சுவீங்க?” என்றுதான் முதலில் கேட்கிறேன், ஒரு குழந்தையின் பேச்சை எடைபோடும் உரிமை அந்தப் பதிலுக்குப் பிறகுதான் எனக்கு வருகிறது.