அசையாத கையும் மூன்றாவது லேப்டாப்பும்

1. மைக் ஓட்டை

கூட்டேரிப்பட்டிலிருந்து அந்த போன் வந்தபோது நான் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் கழற்றிக்கொண்டிருந்தேன். திண்டிவனத்தில் இருபத்தெட்டு வருடமாக ஆம்ப்ளிஃபையர், மிக்சர், மைக் சர்வீஸ் செய்கிறவன் நான். சவுண்டு சம்பந்தப்பட்டது எது வந்தாலும் பார்ப்பேன். மற்றதெல்லாம் என் வேலை இல்லை என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன். அதனால் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயரும் உண்டு.

போனில் பேசியவர் இம்தியாஸ். கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடாவில் சில வருடம் ட்ரோன் ஓட்டிவிட்டு வந்து, இங்கே ஒரு பயிற்சி மையத்தில் வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்.

"அண்ணே, ரிமோட்ல இருந்து லேப்டாப்புக்குப் போற ஒயர் ஒண்ணு ரொம்ப பேஜாரு பண்ணுது. மைக் ஓட்டைலதான் சொருவி இருக்கோம். கம்ப்யூட்டர் கடைக்காரன் கைய விரிச்சிட்டான். நீங்க ஜல்தி வந்தீங்கன்னா நல்லா இருக்கும்."

ட்ரோன் என்றதும் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். மைக் ஓட்டை என்று கேட்டதும் சரி என்றேன்.

2. நான் செய்த தப்பு

அங்கே போன பிறகுதான் விஷயம் புரிந்தது. நிஜ ட்ரோனைத் தொடுவதற்கு முன், பயிற்சிக்கு வந்தவர்கள் லேப்டாப்பில் சிமுலேட்டர் ஓட்டிப் பழக வேண்டும். திரையில் ஒரு வயல், அதற்கு மேலே ஒரு ட்ரோன். கையில் இருப்பது நிஜமான டிரான்ஸ்மிட்டர், எல்லாரும் ரிமோட் என்கிறார்கள். மையத்தில் மூன்று செட் இருந்தன. இரண்டு புதியவை, யூஎஸ்பி ஒயரைச் சொருகினால் லேப்டாப் அவற்றை ஜாய்ஸ்டிக் என்று எடுத்துக்கொள்ளும். மூன்றாவது பழையது, யூஎஸ்பி கிடையாது. பின்பக்கம் ஒரு டிரெய்னர் சாக்கெட் மட்டும் இருந்தது. ரிமோட்டில் கட்டைவிரலால் ஆட்டுகிற ஸ்டிக் எங்கே இருக்கிறது என்பது அதன் வழியாகத் துடிப்பு துடிப்பாக வெளியே வரும். அந்தத் துடிப்பை லேப்டாப்பின் மைக் சாக்கெட்டில் கொடுத்தால், ஒரு சின்ன சாஃப்ட்வேர் அதைக் காதால் கேட்பது மாதிரி கேட்டு, ஸ்டிக் அசைவாக மாற்றிக்கொள்ளும். யாரோ மைக்கில் பேசுகிறார்கள் என்றே லேப்டாப் நினைத்துக்கொண்டிருக்கும். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஒயரைப் பிரித்தேன். சால்டரிங் படு மோசம். பின்னை மாற்றி, ஷீல்டு ஒயரைச் சரியாகப் பற்றவைத்து, ஸ்டிக் எதுவரை போகும் என்று சாஃப்ட்வேருக்குக் காட்டுகிற காலிப்ரேஷனைப் புதிதாகக் கொடுத்தேன். பிறகு இரண்டு ஸ்டிக்கையும் நாலா பக்கமும் ஆட்டினேன். திரையில் ட்ரோன் சொன்னபடி ஆடியது.

"ஒயர் இப்ப புதுசு சார். இனிமே மிஷின் மேல யாரும் பழி போட முடியாது" என்றேன்.

அவ்வளவு திமிராக நான் சொன்ன வார்த்தைகளில் இதைத்தான் இன்றைக்கும் திரும்ப வாங்கிக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

3. பூங்காவனம்

மறுநாள் காலை கடையைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்து நின்றார். கையில் மஞ்சப்பை. வல்லம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"நேத்து கூட்டேரிப்பட்டுல ரிமோட் ரிப்பேர் பாத்தது நீங்கதானே அண்ணே?"

"ஆமாம்மா."

"மிஷின்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டீங்களாமே. அப்ப எனக்குத்தான் கை வரலன்னு ஆயிப்போச்சு. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அஞ்சு நிமிஷம் ட்ரோன கீழ வுடாம நிறுத்திக் காட்டலன்னா என்ன ஊட்டுக்குப் போவச் சொல்லிட்டாங்க."

அவர் பெயர் பூங்காவனம். அவர்கள் ஊர் மகளிர் குழுவிலிருந்து பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர். அவர் தேறினால்தான் குழுவுக்கு ட்ரோன். பதினைந்து வருடமாக மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலைக்கும் நெல்லுக்கும் மருந்து தெளிக்கிற கூலி வேலை. பதினாறு லிட்டர் டேங்கை முதுகில் கட்டிக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தவர்.

"டாக்டரு இனிமே டேங்க் தூக்குனா நடக்கவே முடியாதுன்னுட்டாரு. எனக்குத் தெரிஞ்ச வேல இது ஒண்ணுதான். ட்ரோன் வந்தா இதே வேலைய நிமிந்து நின்னு செய்யலாம்னு இருந்தேன். நான் நல்லாத்தான் புடிச்சிக்கினு இருக்கேன் அண்ணே. நெசமா சொல்றேன். அதுவா வுழுந்துடுது."

வாடிக்கையாளர்கள் எல்லாரும் "அதுவா" என்றுதான் சொல்வார்கள். டம்ளர் தண்ணீரை மிக்சரில் கொட்டிவிட்டு வருகிறவரும் அதையேதான் சொல்வார். ஆனால் இந்த அம்மா அழவும் இல்லை, சண்டைக்கும் நிற்கவில்லை. பஸ் செலவு செய்து, என் முகத்துக்கு நேராக, நீ பார்த்தது சரியில்லை என்று சொல்ல வந்திருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது. டூல் பையும் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையரும் எடுத்துக்கொண்டு கடையைப் பூட்டினேன்.

4. லேப்டாப் துடைத்த சத்தம்

இம்தியாஸ் என்னைப் பார்த்ததும் சங்கடப்பட்டார். "அண்ணே, அந்த அக்கா உங்களையும் இழுத்துக்கினு வந்துட்டாங்களா? ரிமோட்ல ஒண்ணும் இல்லண்ணே, இங்க பாருங்க" என்று ஸ்டிக்கை வாங்கி ஓட்டிக் காட்டினார். ட்ரோன் ஜம்மென்று நின்றது. நேற்று நான் சோதித்ததும் இப்படித்தான்.

"நீங்க ஓட்டுங்கம்மா" என்றேன்.

பூங்காவனம் தனக்கு ஒதுக்கியிருந்த அந்தப் பழைய செட் முன்னால் உட்கார்ந்தார். ட்ரோனை மேலே தூக்கினார், நிறுத்தினார். சிமுலேட்டரில் காற்றில்லாத நாள் என்று வைத்திருந்தார்கள். எட்டு எண்ணினேன், ஒன்பது எண்ணினேன். பத்தில் ட்ரோன் அப்படியே வயலில் விழுந்தது.

நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நூல் அளவுகூட அசையவில்லை. மறுபடி இம்தியாஸை ஓட்டச் சொல்லி அவர் விரலைப் பார்த்தேன். வருடக்கணக்காக நிஜக் காற்றில் ஓட்டிய விரல் அது, ஒரு நொடி சும்மா இல்லை. இந்தப் பக்கம் துளி, அந்தப் பக்கம் துளி என்று ஓயாமல் ஆடிக்கொண்டே இருந்தது.

ஒயரைக் கழற்றி என் ஆம்ப்ளிஃபையரில் கொடுத்து, பூங்காவனத்தை ஸ்டிக்கை அப்படியே பிடிக்கச் சொன்னேன். கர்ர்ரென்று ஒரே சீரான சத்தம், நிற்கவே இல்லை. ஆக, ஒயர் வரைக்கும் சிக்னல் சுத்தம். அடுத்து லேப்டாப்பில் சொருகி, ரெக்கார்டிங் சாஃப்ட்வேரைத் திறந்தேன். திரையில் கோடு தடிமனாக எழுந்தது. பிறகு இளைத்தது. பத்து எண்ணுவதற்குள் இல்லாமலே போனது. "ஸ்டிக்க ஆட்டுங்கம்மா" என்றேன். ஆட்டியதும் கோடு திரும்ப எழுந்தது.

அந்த இடத்தில் எனக்குப் பழைய அடி ஒன்று ஞாபகம் வந்தது. விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்தில் புது டிஜிட்டல் மிக்சர் வைத்து, தேவையில்லாத இரைச்சலைத் தானாக வெட்டுகிற செட்டிங்கைப் போட்டுவிட்டேன். நாதஸ்வரக்காரர் இழுத்துப் பிடித்த ஸ்வரத்தையெல்லாம் அது இரைச்சல் என்று வெட்டிவிட்டது. முகூர்த்தம் முடிந்ததும் அவர் மேடையிலேயே என்னை உரித்துத் தோரணம் கட்டினார். மாறாமல் ஒரே மாதிரி வருகிற சத்தம் எதுவாக இருந்தாலும் அந்த செட்டிங்குக்கு அது ஃபேன் சத்தம் மாதிரிதான்.

இந்த லேப்டாப்பிலும் அதேதான் நடந்திருக்கிறது. மைக்கில் யாரோ பேசுகிறார்கள், பின்னால் ஏதோ இரைச்சல் கேட்கிறது என்று நினைத்து, பூங்காவனத்தின் சிக்னலை அது துடைத்துப் போட்டிருக்கிறது. விரலை ஆட்டிக்கொண்டே இருக்கிறவர்களை விட்டுவிட்டது. ஆடாமல் பிடித்தவரைத்தான் தள்ளியது. அவர் தோற்றுக்கொண்டிருந்ததற்குக் காரணம் அங்கே இருந்தவர்களிலேயே அவர் கைதான் உறுதியான கை என்பது. நான் உரக்கவே சிரித்துவிட்டேன். சத்தியமாக அப்படி ஒரு சந்தோஷம்.

சவுண்டு செட்டிங்கில் மைக் பக்கம் போய், இரைச்சல் குறைப்பு, எதிரொலி நீக்கம், தானாக லெவல் ஏற்றுவது என்று இருந்த அத்தனையையும் ஆஃப் செய்தேன். லெவலைக் கையால் வைத்தேன். மறுபடி காலிப்ரேஷன். இந்தத் தடவை நான் ஸ்டிக்கைத் தொடவே இல்லை, பூங்காவனத்தையே ஆட்டச் சொன்னேன்.

5. ஐந்து நிமிடம்

"இப்ப புடிங்கம்மா" என்றேன்.

இம்தியாஸ் செல்போனில் டைமர் வைத்தார். பத்து விநாடி தாண்டியது. ஒரு நிமிடம் தாண்டியது. மற்ற இரண்டு லேப்டாப்பில் இருந்தவர்களும் எழுந்து வந்து நின்றார்கள். மூன்று நிமிடம் ஆனபோது இம்தியாஸ் டைமரை விட்டுவிட்டு, அவர் விரலையே பார்க்க ஆரம்பித்தார். ட்ரோன் ஆணி அடித்தது மாதிரி நின்றது.

"எப்டி அக்கா இப்டி புடிக்கிறீங்க?"

"மருந்து அடிக்கிற குழாய ஒரே மட்டத்துல புடிக்கணும் சார். கை ஆடுச்சின்னா ஒரு செடிக்கு அதிகமா வுழும், ஒரு செடிக்கு வுழவே வுழாது. இன்னும் எவ்ளோ நேரம் புடிக்கணும்?"

இம்தியாஸ் செல்போனை அவர் பக்கம் திருப்பினார். டைமர் ஏழு நிமிடம் காட்டிக்கொண்டிருந்தது.

இம்தியாஸ் நல்ல மனிதர். எல்லார் முன்னாலும் சொன்னார்: "அக்கா, மன்னிச்சிக்குங்க. பத்து நாளா உங்களத் திட்டிக்கினே இருந்தேன்."

பூங்காவனம் ரிமோட்டை மேசை மேல் மெதுவாக வைத்தார். "நீங்க திட்டனது கூட பரவால்ல சார். அந்தப் பத்து நாளும் நான் ஊட்டுக்குப் போயி என் கையையே திட்டிக்கினு இருந்தேன்."

அதைக் கேட்டு நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கையைச் சந்தேகப்பட்டவர்களுக்குக் கடைசியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான்தான்.

பயிற்சியை முடித்து அவர் இப்போது அனந்தபுரம் வரைக்கும் போய் மருந்து தெளிக்கிறார். எத்தனையோ பெரிய மேடைக்கு சவுண்டு போட்டிருக்கிறேன். பெருமை என்று யாராவது கேட்டால், ஸ்பீக்கரே இல்லாத அந்த ஏழு நிமிடத்தைத்தான் சொல்கிறேன்.

சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பொருளைச் சரிசெய்த பிறகு, உங்கள் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு வராதீர்கள். கோளாறு யார் கையில் வந்ததோ அவரைக் கூப்பிட்டு, அவர் எப்படிப் பிடிப்பாரோ அப்படியே பிடிக்கச் சொல்லுங்கள். அவர் போதும் என்று சொல்கிற வரைக்கும் பக்கத்திலேயே நில்லுங்கள்.